எண்ணெய் குறைஞ்சால் நஞ்சும் குறையுமோ? சாடியில வச்சு நீங்களே ரெஸ்ட் பண்ணிப் பாக்கிற விதம்

யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் பக்கக் கிணறுகளில கழிவு எண்ணெய் கலந்த பிரச்சினை 2014, 2015இல பெரிசா வெடிச்சதில இருந்து எங்கட ஊரில "எண்ணெய் தின்னுற பற்றீரியா" எண்ட கதை அடிக்கடி வரும். 2019 ஏப்ரலில உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட சனத்துக்கு 2 கோடி ரூபா நட்டஈடு குடுக்கச் சொல்லித் தீர்ப்புச் சொன்னது, ஆனால் மண்ணையும் தண்ணியையும் எப்பிடித் துப்புரவாக்கிறது எண்டது வேற கேள்வி. ஏ.எல் பிள்ளையளும் கம்பஸில புதுசா வந்த பெடியளும் புரொஜெக்ற் எண்டு வந்தால் முதல் கேக்கிறது இதைத்தான், அண்ணை, பற்றீரியா விட்டால் மண் சரியாகிடுமோ எண்டு. எண்ணெய் குறையும், அதில சந்தேகமில்லை. நஞ்சு குறையுமோ எண்டது தனியா ரெஸ்ட் பண்ண வேண்டிய விசயம், அதை எப்பிடிச் செய்யிறது எண்டுதான் இதில எழுதுறன்.

ஏன் தனியா ரெஸ்ட் பண்ண வேணும்

மண்ணை லாப்புக்குக் குடுத்தால் ரீபீஎச் எண்டு ஒரு நம்பர் வரும், மொத்த பெற்றோலிய ஐதரோகாபன், ஒரு கிலோ மண்ணில எத்தினை மில்லிகிராம் எண்டு. நுண்ணங்கி வேலை செய்யச் செய்ய அந்த நம்பர் இறங்கும், உடனே நஞ்சும் இறங்கிட்டுது எண்டு எழுதிப் போடுவினம். ஆனால் பற்றீரியா எண்ணெயை ஒரே மூச்சில காபனீரொட்சைட்டும் தண்ணியுமா மாத்திறேல்ல. முதல்ல மூலக்கூறில ஒட்சிசனைக் கொண்டுபோய் ஒட்டும், அது அற்ககோல் ஆகும், பேந்து அமிலம் ஆகும், பீஏஎச் எண்டு சொல்லுற பல வளையம் உள்ள சாமானில இருந்து கீற்றோன், குயினோன் வகையள் வரும். இதுகள் பழைய எண்ணெயை விடத் தண்ணியில கூடக் கரையும், கரைஞ்சால் வேருக்குள்ளயும் புழுவுக்குள்ளயும் லேசாப் போயிடும். இதில இன்னொரு கூத்து என்னெண்டால், கன ரீபீஎச் முறையளில முதலே சிலிக்கா ஜெல்லால வடிச்சு இந்த ஒட்சிசன் ஏறின சாமானை எல்லாம் எடுத்துப்போட்டுத்தான் மிச்சத்தை அளக்கினம். நம்பரில அது வரவே வராது, மண்ணில மட்டும் கிடக்கும்.

அதால கருவியை மட்டும் நம்பாமல் உயிருள்ள ஒண்டிட்டக் கேக்க வேணும்: வெங்காயத்திட்ட, புழுவிட்ட, சின்ன இறாலிட்ட.

மண்ணும் எண்ணெயும்

புதுசாத் தொடங்கிறாக்கள் கராஜ் வாசலில கறுத்துப்போய்க் கிடக்கிற மண்ணை அள்ளிக்கொண்டு ஓடி வரவேண்டாம். பாவிச்ச எஞ்சின் ஒயிலில எண்ணெய் மட்டும் இல்லை, ஒயிலுக்குள்ள கலக்கிற மருந்தில இருந்து வாற நாகம் (சிங்க் எண்ட உலோகம்), தேய்மானத்தில வந்த உலோகத்தூள் எல்லாம் கிடக்கும், உலோகத்தை எந்தப் பற்றீரியாவாலயும் தின்னேலாது. எண்ணெய் முழுக்கப் போனாலும் நஞ்சு நிண்ட இடத்திலயே நிக்கும், நீங்கள் பற்றீரியாவில பழி போடுவீங்கள். முதல் ரெஸ்ட்டுக்கு டீசல் நல்லது. மண்ணெண்ணெயும் ஏலும், தோட்டத்து வாட்டர் பம்புக்கும் கரையோரத்து போட் எஞ்சினுக்கும் அதுதான் ஓடுறதெண்டபடியால் எங்கட இடத்துக்குப் பொருத்தம்தான், ஆனால் அது கெதியா ஆவியாகிப் போயிடும், சாடியில மிச்சம் நிக்காது. பெற்றோல் வேண்டாம், நெருப்பு ஆபத்து.

மண்ணுக்கு எங்கட செம்மண்ணே எடுங்கோ, மருந்தடிக்காத காணியில இருந்து. அரிச்சு, நிழலில காயவச்சு, ஒரு கிலோவுக்கு 20 கிராம் டீசல், அதாவது 2 வீதம். கையுறை போட்டு, வெளிக்காத்தில வச்சுப் பிசைஞ்சு கலவுங்கோ.

இதை ஏன் சாடியில செய்யச் சொல்லுறன், நேர காணியில செய்தால் என்ன எண்டு கேப்பீங்கள். யாழ்ப்பாணத்தில செம்மண் மெல்லிசு, கீழ சுண்ணாம்புக்கல், அதுக்குள்ள வெடிப்பும் பொந்தும். மேல ஊத்தினது வடிகட்டுப்படாமலே கிணத்துக்குப் போகும், எண்ணெய் பாரம் குறைஞ்சதெண்டபடியால் நிலத்தடி நீருக்கு மேல மிதந்துகொண்டு மாரிக்கு ஏறிக் கோடைக்கு இறங்கிக் கல்லை எல்லாம் பூசிவிடும். நீங்கள் போடுற யூரியாவும் அதே வழியாலதான் போகும். ஏற்கெனவே எங்கட கனக்கக் கிணறுகளில நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டி நிக்குது, அதுக்கு மேல நாங்களும் கொண்டுபோய்க் கொட்டக் கூடாது.

எத்தினை சாடி, எதுக்கு

இந்தப் பகுதியைத்தான் ஆக்கள் அவசரத்தில விட்டுப்போட்டுப் பேந்து தலையில கை வைக்கிறவை. எண்ணெய் மண் ஒரு சாடி, பற்றீரியா போட்ட மண் ஒரு சாடி எண்டு ரெண்டை வச்சு ஒண்டும் சொல்லேலாது. எனக்குத் தெரிஞ்ச வரையில குறைஞ்சது ஏழு வகை வேணும், ஒவ்வொண்டும் மூண்டு மூண்டு.

1. நல்ல மண், வேற ஒண்டும் இல்லை.
2. நல்ல மண்ணும் பசளையும்.
3. எண்ணெய் மண், சும்மா அப்பிடியே.
4. எண்ணெய் மண், பசளை, கிழமைக்கு ரெண்டு தரம் கிளறல்.
5. நாலாவதில உள்ளது எல்லாம், அதோட நீங்கள் வளர்த்த பற்றீரியா.
6. அவிச்ச மண்ணில எண்ணெயும் பசளையும், கிளறலும் உண்டு.
7. அவிச்ச மண் மட்டும்.

ஆறாவது ஏன் எண்டால், டீசலின்ர லேசான பகுதி தன்ரபாட்டில காத்தில போகும், கொஞ்சம் மண்ணோட இறுகி ஒட்டிப்போகும், ரெண்டுக்கும் பற்றீரியா தேவையில்லை. மணம் போட்டுது எண்டு சந்தோசப்படுறதில பாதி இந்த ஆவிதான். அவிச்ச சாடியிலயும் நஞ்சு அதே அளவுக்கு இறங்கினால் உங்கட நுண்ணங்கிக்கு அதில பங்கில்லை எண்டுதான் அர்த்தம். மண்ணை 121 பாகை செல்சியசில, 15 இறாத்தல் அமுக்கத்தில அரை மணித்தியாலம், அடுத்தடுத்து மூண்டு நாள் அவிக்க வேணும், ஏனெண்டால் சூட்டைத் தாங்கிற வித்தி வடிவத்தில ஒளிஞ்சு கிடக்கிற பற்றீரியா அடுத்த நாள் முளைச்சு வரும். எண்ணெய் கலக்க முதல் அவியுங்கோ. எண்ணெய் கலந்த மண்ணை பிறஷர் குக்கரில போட்டு காஸ் அடுப்பில வைக்கிற யோசினை வந்தால் அதை அப்பவே கைவிடுங்கோ, அதுக்குப் பாவிச்ச குக்கரில பேந்து சோறும் காய்ச்சாதேங்கோ.

சிலர் அவிக்கிறதுக்குப் பதிலா சோடியம் ஏசைட்டு போடச் சொல்லுவினம். எண்ணெய் அளவு மட்டும் பாக்கிறதெண்டால் அது சரி. நச்சு ரெஸ்ட்டுக்கு அது உதவாது, ஏசைட்டே நஞ்சு, வெங்காயமும் புழுவும் அதாலயே செத்துப்போகும். ஏழாவது சாடியும் இதே மாதிரி ஒரு காரணத்துக்குத்தான், மண்ணை அவிச்சால் மங்கனீசும் அமோனியமும் கூட வெளியில வந்து செடியைக் கொஞ்சம் பாதிக்கும், அந்தப் பாதிப்பு எவ்வளவு எண்டு தெரிஞ்சால்தான் ஆறாவதைச் சரியா வாசிக்கலாம்.

பசளைக் கணக்கு

காபன், நைதரசன், பொசுபரசு 100:10:1 எண்டு ஒரு பழைய கணக்கு இருக்கு. 20 கிராம் டீசலில காபன் 17 கிராம் அளவில வரும், அதுக்கு நைதரசன் 1.7 கிராம். யூரியாவில 46 வீதம் நைதரசன், அப்ப 3.7 கிராம் யூரியா. பொசுபரசு 0.17 கிராம், ரிஎஸ்பி எண்ட பொசுபேற்றுப் பசளை எண்டால் 0.85 கிராம் அளவு. ஆனால் அந்த 3.7 கிராமையும் ஒரேயடியா ஒரு கிலோ மண்ணில கொட்டிப்போடாதேங்கோ, எங்கட சுண்ணாம்பு மண்ணில யூரியா உடைஞ்சு அமோனியாவா மாறி விதையையும் புழுவையும் எரிச்சுப்போடும், பாக்கிறவர் எண்ணெயின்ர நஞ்செண்டு நினைப்பார். நாலாப் பிரிச்சு, கிழமைக்கு ஒருக்கா, தண்ணியில கரைச்சு விடுங்கோ. ரெண்டாவது சாடி இதைக் காட்டிக் குடுக்கத்தான் நிக்குது.

ஈரம் மண் பிடிக்கக் கூடிய தண்ணியில 50 முதல் 60 வீதம். கையால அமத்தினால் கட்டியா வரவேணும், விரலிடுக்கால தண்ணி ஒழுகக் கூடாது. கூடினால் காத்துப் போகாது, எண்ணெய் தின்னுறதுகளுக்குக் காத்து வேணும்.

பற்றீரியாவை எங்க எடுக்கிறது? சூடோமோனாசு, ரொடோகொக்கசு, அசினெற்றோபக்ரர் மாதிரி எண்ணெய் உடைக்கிற இனங்கள் எண்ணெய் ஊறின மண்ணிலேயே இருக்கும். அந்த மண் ஒரு கரண்டியை, டீசல் தவிர வேற காபன் சாப்பாடு இல்லாத கனிய உப்புக் கரைசலில (கறி உப்பு இல்லை, நைதரசன், பொசுபரசு உள்ள உப்புகள்) போட்டு ஆட்டி ஆட்டி வச்சால் டீசலைத் தின்னத் தெரிஞ்சது மட்டும் பெருகும். பக்கெற்றில வாற பவுடரை விட ஊர் மண்ணில ஏற்கெனவே இருக்கிறதுக்குச் சாப்பாடும் காத்தும் குடுக்கிறதுதான் கூடப் பலன் தரும் எண்டது என்ர அபிப்பிராயம். 1989இல அலாஸ்காவில எக்சொன் வால்டீஸ் கப்பல் எண்ணெய் கொட்டினப்பவும் கடற்கரையில போட்டது பெரும்பாலும் பசளைதான், வேலையை அங்கத்தைய பற்றீரியா பாத்துது. உங்கட நாலாவது சாடிக்கும் அஞ்சாவதுக்கும் வித்தியாசம் வருதோ எண்டு நீங்களே பாருங்கோ.

சாறு எடுக்கிறது

தொடக்க நாள், 14, 28, 56, 84 ஆம் நாள் எண்டு ஒவ்வொரு சாடியில இருந்தும் மண் எடுங்கோ. முதலும் கடைசியும் மட்டும் எடுத்தால் காணாது, இடையில நஞ்சு கூடி நிக்கிற காலம் ஒண்டு வரலாம், மேல சொன்ன கரையிற சாமான்கள் குவியிற நேரம். அந்த ஏத்தத்தைப் பிடிக்காமல் விட்டால் முழு வேலையும் அரைவாசிதான். எதிர்மாறா, அந்த ஏத்தத்தில நிண்டுகொண்டு "பற்றீரியா மண்ணைக் கெடுத்துப்போட்டுது" எண்டு முடிவெடுக்கிறதும் பிழை.

மண் ஒரு பங்கு, தண்ணி நாலு பங்கு, கண்ணாடிப் போத்தலில போட்டு 24 மணித்தியாலம் ஆட்ட வேணும். பிளாஸ்ரிக் வேண்டாம், எண்ணெய் அதில ஒட்டும். அடைய விட்டு, மேல மினுங்கிற படலத்தையும் அடிச் சேறையும் தொடாமல் நடுவில இருந்து குழாயால இழுங்கோ. அந்தச் சாறுதான் 100 வீதம். அதைத் தண்ணி விட்டு 50, 25, 12.5, 6.25 எண்டு பாதி பாதியாக் குறையுங்கோ, சும்மா தண்ணி ஒண்டும் வையுங்கோ. வெங்காயத்துக்கு காய்ச்சி வடிச்ச தண்ணியை விட நல்ல கிணத்துத் தண்ணி திறம், வடிச்ச தண்ணியில கல்சியம் இல்லை, கல்சியம் இல்லாட்டி வேர் சரியா வளராது.

சாறு எடுத்தவுடன பிஎச், உப்பு, கரைஞ்ச ஒட்சிசன் மூண்டையும் அளந்து எழுதிப்போடுங்கோ. பற்றீரியா நிறைஞ்ச சாறு ஒட்சிசனைக் குடிச்சுத் தீர்த்துப்போடும், அதுக்குள்ள விட்ட உயிர் மூச்சுத் திணறிச் சாகும், அது நஞ்சில செத்ததெண்டு கணக்கில ஏறும்.

வெங்காயம்

இது எங்கட ஊருக்கெண்டே செய்த ரெஸ்ட் மாதிரி. தோட்டக்காரரிட்ட விதை வெங்காயம் கேட்டு வாங்குங்கோ, கடையில முளைக்காமல் இருக்க மருந்தடிச்சது வந்தால் எல்லாம் பிழைக்கும். ஒரே அளவான சின்ன வெங்காயமாப் பொறுக்கி, வெளிச் சருகை உரிச்சு, அடியில காஞ்ச பழைய வேரைப் பிளேட்டால மெதுவா வழிச்சு எடுங்கோ. வேர் முளைக்கிற வட்டம் வெட்டுப்படக் கூடாது, அது பிழைச்சால் பிறகு அளவெல்லாம் பிழைதான். சின்ன மருந்துப் போத்தல் வாயில, அடிப்பக்கம் மட்டும் சாறில தொட்டுக்கொண்டு நிக்கிற மாதிரி வையுங்கோ. ஒரு செறிவுக்கு அஞ்சு வெங்காயமாவது. இருட்டான மூலை, 72 மணித்தியாலம், சாறை நாளுக்கு ஒருக்கா மாத்த வேணும்.

நல்ல தண்ணியில நிண்டது வெள்ளை வெளேரெண்டு நேரா ஒரு தாடி மாதிரி இறங்கி இருக்கும். நஞ்சில நிண்டது கட்டையா, தடிச்சு, நுனி தூண்டில் போல வளைஞ்சு, மண்ணிறமா இருக்கும். நுனி வளைஞ்சிருக்கோ எண்டதையும் குறியுங்கோ, நீளம் மட்டும் முழுக் கதையையும் சொல்லாது. ஒவ்வொரு வெங்காயத்திலயும் வேர் நீளத்தின்ர சராசரியை எடுங்கோ, அளக்கிறவருக்கு எது எந்தப் போத்தல் எண்டு தெரியக் கூடாது, ஆரும் ஒருத்தர் நம்பர் ஒட்டி மறைச்சுக் குடுக்கட்டும்.

நுணுக்குக்காட்டி கிடைச்சால் வேர் நுனியை அசற்றிக் அமிலமும் அற்ககோலும் ஒண்டுக்கு மூண்டு கலந்ததில ஊறவச்சு, ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில மெதுமையாக்கி, அசற்றோகாமைனால நிறமூட்டி நசிச்சுப் பாருங்கோ. பிரியிற கலங்கள் எத்தினை வீதம், நிறமூர்த்தம் பாலம் போட்டு நிக்குதோ, கருவுக்குப் பக்கத்தில குட்டிக் கரு ஒண்டு இருக்கோ எண்டு எண்ணலாம். இது முக்கியம், ஏனெண்டால் வேர் நல்லா வளர்ந்தாலும் பரம்பரைச் சாமானில சேதம் இருக்கலாம். பென்சோபைரீன் மாதிரி புற்றுநோய் வரப்பண்ணுற பீஏஎச் உடன கொல்லாது. குடிதண்ணியில அதுக்கு உலக சுகாதார நிறுவனத்தின்ர எல்லை லீற்றருக்கு 0.7 மைக்கிரோகிராம்.

மற்ற உயிருகள்

ஒரு உயிரை மட்டும் நம்பக் கூடாது. விதை எண்டால் பயறு வேண்டாம், விதை பெரிசு, உள்ளுக்க சாப்பாடு கனக்க, எல்லாத்தையும் தாங்கி முளைச்சுக் காட்டும். கடுகோ குரக்கனோ போடுங்கோ, மருந்து பூசாத விதையா. முளைச்ச வீதத்தையும் வேர் நீளத்தையும் நல்ல தண்ணியோட ஒப்பிட்டு வீதமாக்கி, ரெண்டையும் பெருக்கி நூறால பிரிச்சால் முளைத்தல் சுட்டி வரும். மண்ணில நேரடியா விதைச்சும் பாருங்கோ, ஆனால் எண்ணெய் மண் தண்ணியை உறிஞ்சாது, விதை தண்ணி இல்லாமலே முளைக்காமல் விடும், அதை நஞ்செண்டு எழுதக் கூடாது. சாறு ரெஸ்ட்டும் மண் ரெஸ்ட்டும் சேத்துப் பாக்கிறது அதுக்குத்தான்.

மண்புழுவுக்குச் சாகடிக்கிற ரெஸ்ட்டை விடத் தப்பியோடுற ரெஸ்ட் லேசு. ஐஸ்கிறீம் பெட்டியில நடுவில மட்டை வச்சு ஒரு பக்கம் நல்ல மண், மற்றப் பக்கம் உங்கட மண், மட்டையை எடுத்துப்போட்டு நடுக்கோட்டில பத்துப் புழு விடுங்கோ. மூடியில சின்னச் சின்ன ஓட்டை. 48 மணித்தியாலத்தால மட்டையைத் திருப்பி வச்சு எண்ணுங்கோ. பத்தில எட்டுக்கு மேல நல்ல பக்கம் நிண்டால் உங்கட மண் இன்னும் இருக்கக் கூடிய மண் இல்லை. பெட்டி ரெண்டு பக்கமும் நல்ல மண் போட்டதையும் ஒண்டு வைக்க வேணும், புழு சும்மா ஒரு பக்கம் கூடுதோ எண்டு பாக்க.

டாப்னியா எண்ட தண்ணீர்த்தெள்ளு உலகம் முழுக்கப் பாவிக்கிறதுதான், ஆனால் அதின்ர ரெஸ்ட் 20 பாகை அளவில செய்யிறது, எங்கட அறை 30. ஏசி இல்லாட்டி ஆட்டீமியா எண்ட சின்ன உப்புத்தண்ணி இறாலைப் பாருங்கோ, மீன் தொட்டிக் கடையளில முட்டை வாங்கலாம், உப்புத் தண்ணியில ஒரு நாள், ஒண்டரை நாளில பொரிக்கும். சாறிலயும் சும்மா தண்ணியிலயும் அதே அளவு உப்புக் கரைச்சு, 24 மணித்தியாலம் அதில விட்டு, பத்து செக்கனுக்கு அசையாததைச் செத்ததா எண்ணுங்கோ. ஆனால் அது சரியான முரட்டுச் சாமான், அது உயிரோட இருக்கு எண்டதால மண் நல்லம் எண்டு சொல்லேலாது. ஒளி விடுற பற்றீரியாவை வச்சு 30 நிமிசத்தில முடிவு பாக்கிற கருவியும் இருக்கு, விலையும் கூட, 15 பாகையில வைக்கவும் வேணும், கம்பஸ் லாப்பில இருந்தால் கேட்டுப் பாருங்கோ.

நம்பரை வாசிக்கிறது

எந்தச் செறிவில வேர் வளர்ச்சி பாதியாகுதோ அதுதான் ஈசி 50. நூறை அதால பிரிச்சால் நச்சு அலகு. உதாரணத்துக்கு 25 வீதச் சாறிலயே பாதியாகினால் அலகு 4, பேந்து 50 வீதத்தில பாதியாகினால் 2, அப்ப நஞ்சு பாதியாக் குறைஞ்சிருக்கு. நம்பர் கூடினால் நஞ்சு கூட, அதால கீறிக் காட்ட இது வசதி.

இனி ரீபீஎச்சையும் நச்சு அலகையும் ஒரே வரைபில கீறுங்கோ. ரெண்டும் சேந்து இறங்குது, அவிச்ச சாடியில மட்டும் இறங்கேல்ல எண்டால் நுண்ணங்கி வேலை செய்திருக்கு எண்டு துணிஞ்சு எழுதலாம். எண்ணெய் இறங்குது, நச்சு ஏறுது எண்டால் இடைப்பட்ட சாமான்கள், இன்னும் பொறுத்துப் பாக்க வேணும், 84 நாளையும் தாண்டி. எண்ணெய் பெரிசாக் குறையேல்ல, நச்சு குறைஞ்சிட்டுது எண்டால் லேசான பகுதி போட்டுது, மிச்சம் பாரமானது, தண்ணியில கரையாமல் மண்ணோட கிடக்கு, இது கெட்ட முடிவு இல்லை, ஆனால் துப்புரவாகினதும் இல்லை. எண்ணெய் முழுக்கப் போயும் நச்சு அசையேல்ல எண்டால் எண்ணெயை விட்டுப்போட்டு உலோகம், உப்பு, அமோனியா பக்கம் தேடுங்கோ, ரெண்டாவது சாடியில இருந்து தொடங்கி.

றிப்போட்டில "மண் பாதுகாப்பானது" எண்டு எழுதாதேங்கோ. எந்த உயிர், எத்தினை மணித்தியாலம், எந்தச் செறிவு எண்டு அதை மட்டும் எழுதுங்கோ. எக்சொன் வால்டீஸுக்குப் பிறகு செய்த ஆராய்ச்சியளில, பழசாகிப்போன எண்ணெயில இருந்து வாற கொஞ்சப் பீஏஎச் கூட மீன் முட்டைக்குள்ள வளருற குஞ்சைப் பாதிக்கிறதைக் கண்டவை, பெரிய மீன் சாகாத அளவில. கிணத்துத் தண்ணி குடிக்கலாமோ எண்டதுக்கும் இந்த ரெஸ்ட் பதில் இல்லை, அதுக்கு முறையான லாப்புதான்.

மிஞ்சின எண்ணெய் மண்ணையும் சாறையும் வாய்க்காலிலயோ கிணத்தடியிலயோ ஊத்தக் கூடாது. சாறைத் திரும்ப அந்தந்தச் சாடி மண்ணுக்கே ஊத்தி, மண்ணை மூடின வாளியில பேர் எழுதி வச்சு, லாப்பில அபாயக் கழிவு எடுக்கிற ஆக்களிட்டக் குடுங்கோ. வீட்டில செய்யிறதெண்டால் தொடங்க முதலே அதை ஆர் எடுப்பினம் எண்டு கேட்டு வையுங்கோ.